பக்கம் மாற்றும் வகுப்பு

இன்னொருவருக்காக நாம் பேசும்போது அந்தப் பேச்சு யாருடையது? பேசச் சொன்னவருடையதா, பேசிய வாயினுடையதா? தத்துவம் படிப்பவர்கள் இந்தக் கேள்வியை நாற்காலியில் சாய்ந்துகொண்டு கேட்கலாம். பிரிசில்லாவின் வாழ்க்கை அதை நின்றுகொண்டே கேட்டது. அவர் உட்காருகிற ஆள் இல்லை. வகுப்பில் அவருக்கென்று போட்டிருந்த நாற்காலியில் வருகைப் பதிவேடும் சாக்பீஸ் டப்பாவும்தான் உட்கார்ந்திருக்கும். அவர் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்துகொண்டே இருப்பார். ஞாயிறு ஆராதனையிலும் பிரசங்கம் பாதியைத் தாண்டியதும் எழுந்து வேப்பமரத்தடிக்குப் போய்விடுவார். "எதுத்து ஒரு கேள்வி கேக்க முடியாத எடத்துல உன்னால உக்கார முடியாது" என்பார் கணவர். குறையாகச் சொன்னாரா, புரிந்துகொண்டு சொன்னாரா என்பது அவருக்கே தெரியாது.

முதலிபாளையத்தைத் தாண்டியிருக்கும் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் அவர் வரலாற்று ஆசிரியை. சொந்த ஊர் குண்டடம். அப்பா தங்கவேலு, ஞானஸ்நானம் வாங்கிய பிறகும் பெயரை மாற்றிக்கொள்ளாதவர். ஆட்டுச் சந்தையில் தரகர். விற்பவனிடம் வாங்குபவனுக்காகவும் வாங்குபவனிடம் விற்பவனுக்காகவும் ஒரே மூச்சில் பேசி, இரண்டு பேரிடமும் கூலி வாங்குகிற தொழில். பிரிசில்லா படித்து முடித்ததும் சேர்ந்த வேலையும் அதிலிருந்து வெகுதூரம் இல்லை. திருப்பூரில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சன்டைசர். துணி வாங்கும் வெளிநாட்டு பையரிடம் கம்பெனிக்காக வாதாட வேண்டும். அலுவலகத்தை விட்டு இறங்கித் தையல் ஃப்ளோருக்குள் வந்தால் பையருக்காக வாதாட வேண்டும். சாயம் தாமதமானதற்கு மழையைக் காரணம் காட்டி மெயில் எழுதிய நாளில் வானத்தில் மேகமே இல்லை என்று பின்னாளில் சிரித்துக்கொண்டே சொல்வார். அதனால்தான் வேலையை விட்டார் என்று முடிவு கட்டத் தேவையில்லை. வீடு திரும்ப நேரமாகிறது என்பதும் காரணம்தான். பி.எட். படித்தார், போட்டித் தேர்வு எழுதினார், ஆசிரியை ஆனார். இரண்டு பள்ளிகளில் இருந்துவிட்டு, இரண்டு இடத்திலும் தலைமை ஆசிரியர்களோடு உரசிக்கொண்டு, மூன்றாவதாக இங்கே வந்தார்.

அவரைச் சிறந்த ஆசிரியை என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. பொதுத் தேர்வில் அவர் பாடத்தின் தேர்ச்சி சுமார்தான். வருடங்களை மனப்பாடம் செய்யவைக்க அவருக்குப் பொறுமை கிடையாது. ஆனால் வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பாடவேளைகளில் அவர் செய்த காரியத்தை வேறு யாரும் செய்து பார்த்ததில்லை.

திங்கட்கிழமை ஒரு கேள்வியைப் பலகையில் எழுதுவார். முதல் உலகப் போரில் தோற்ற நாட்டின் மேல் வென்ற நாடுகள் சுமத்திய அபராதம் நியாயமா? ஐ.நா. சபையில் ஐந்து நாடுகளுக்கு மட்டும் தடுப்பு ஓட்டு எதற்கு? வாரம் முழுக்க மாணவர்கள் படிக்கலாம், சண்டை போடலாம். யார் எந்தப் பக்கம் என்பது வெள்ளிக்கிழமை சீட்டு எடுத்த பிறகுதான் தெரியும். பேப்பரைப் பார்த்துப் பேசக் கூடாது. அவர் ஒரு வரிகூடச் சொல்லித்தர மாட்டார். எழுதித் தரவே மாட்டார். வாதம் சூடேறி நிற்கும்போது மேசையைத் தட்டி, "பக்கம் மாத்து" என்பார். அதுவரை வாதாடியவர்கள் எழுந்து எதிர்ப் பெஞ்சுக்குப் போய், தாங்களே சொன்னதை மறுத்துப் பேச வேண்டும்.

பனியன் கம்பெனிப் பிள்ளைகளுக்கு உலகம் பனியன் கம்பெனி வழியாகத்தான் புரிந்தது. தோற்ற நாட்டுக்கு விதித்த அபராதத்தைப் பற்றிப் பேசிய நாளில், தைத்த துணியில் குறை இருந்தால் பையர் பில்லில் பிடித்துக்கொள்ளும் தொகைதான் பிரதீப் என்ற மாணவனின் வாயில் வந்தது.

"பீஸ் ரிஜெக்ட் ஆனா டெபிட் நோட் போடட்டுங்க மிஸ், வேண்டாங்கல. கம்பெனியவே இழுத்து மூடற அளவுக்குப் போட்டா அடுத்த ஆர்டரை யாருங்க ஓட்டறது?"

"உங்கப்பாவைக் கேட்டியா இதை?" என்று பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது.

"எங்கப்பாகிட்ட டெபிட் நோட்டுன்னு சொன்னாலே சோறு எறங்காதுடா."

வகுப்பே சிரித்தது. பிரிசில்லா சிரிக்கவில்லை. பலகைக்குப் போய், பாடப்புத்தகத்தில் அரைப்பக்கம் எடுத்துக்கொண்ட விஷயத்தைப் பிரதீப்பின் வாக்கியமாக எழுதினார். அதுதான் அவர் கொடுத்த அதிகபட்சப் பாராட்டு.

இந்தப் பிரதீப்பின் அப்பா சிவராஜ் சின்ன தையல் யூனிட் வைத்திருந்தார். பெரிய கம்பெனிகளிடமிருந்து துணி வாங்கித் தைத்துக்கொடுக்கும் ஜாப் ஒர்க். ஆர்டர் குறைந்ததும் மகனைத் தனியார் பள்ளியிலிருந்து எடுத்து இங்கே சேர்த்திருந்தார். அதே வகுப்பில் மதுமதி என்றொரு பெண். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். அவள் அம்மா கருத்தம்மா சிவராஜின் யூனிட்டில் செக்கிங் பிரிவில் வேலை பார்த்தாள். முதலாளி மகனும் தொழிலாளி மகளும் ஒரே வகுப்பில் இருப்பது அந்த ஊரில் அதிசயமில்லை. இரண்டு பேரும் வகுப்பில் சரிக்குச் சரி சண்டை போடுவார்கள்; வெளியே வந்ததும் மதுமதி சற்று ஒதுங்கி நடப்பாள்.

அமெரிக்கா இந்தியத் துணிக்கு வரியைக் கூட்டிய வருடம் அது. யூனிட்டுகளில் ஷிஃப்ட் குறைந்தது. வடநாட்டுப் பையன்கள் பையைத் தூக்கிக்கொண்டு ரயிலேறினார்கள். அந்த வாரம் பிரிசில்லா பலகையில் எழுதிய கேள்வி: வாங்கும் நாடு விற்கும் நாட்டின் மேல் நிபந்தனை வைக்கலாமா? ஊரில் எல்லார் வயிற்றிலும் எரிந்துகொண்டிருந்த விஷயத்தைப் பிள்ளைகள் கையில் கொடுத்தது துணிச்சலா, யோசனைக் குறைவா என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். யாரும் கேட்கவில்லை.

சீட்டில் மதுமதிக்கு வாங்கும் நாடு வந்தது. பிரதீப்புக்கு விற்கும் நாடு.

"எங்க தொழிலாளிகளுக்கு என்ன கொறைங்க?" என்றான் பிரதீப். "உங்க ஆளுகளே வந்து ஆடிட் பண்ணிட்டுத்தான போறாங்க? எல்லாம் சரியா இருக்குதுன்னு கையெழுத்தும் போட்டுக் குடுத்தாச்சு. அப்பறம் என்ன கண்டிஷன்?"

வெளிநாட்டு பையரின் ஆட்கள் யூனிட்டுக்கு வந்து, வேலை நேரம் என்ன, கூலி சரியாக வருகிறதா என்று தொழிலாளிகளிடம் தனித்தனியாகக் கேட்பதைத்தான் ஆடிட் என்பார்கள். மதுமதி எழுந்து நின்றாள்.

"வந்தோம். கேட்டோம். உங்க ஆளுகளும் பதில் சொன்னாக. அந்தப் பதிலை முதநாள் சாயங்காலம் கேன்டீன்ல உக்காரவச்சு ஒப்பிக்கச் சொன்னது யாரு? எட்டு மணி நேரந்தான் வேலைன்னு சொல்லு. ஓவர்டைம் பாக்கச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தலைன்னு சொல்லு. சிரிச்ச மொகமா சொல்லு. இப்பிடிச் சொல்லிக் குடுத்த பதிலை நம்பித்தான் நாங்க உங்ககிட்டத் துணி வாங்கணுமா?"

வகுப்பே மேசைகளைத் தட்டியது. பாதிப் பேரின் அம்மாக்கள் அந்தப் பதிலை ஒப்பித்தவர்கள். பிரதீப்பும் சேர்ந்துதான் தட்டினான்.

பிரிசில்லா அப்போது பக்கம் மாற்றச் சொன்னார். மதுமதி எதிர்ப் பெஞ்சுக்குப் போனாள். இந்த முறை குரலை உயர்த்தவில்லை.

"ஆமா, பொய்தான் சொல்றோம். உண்மையச் சொன்னா உங்க ஆளு பாஸ் போடமாட்டாரு. ஆர்டர் வேற நாட்டுக்குப் போயிரும். ஓவர்டைம் பாக்கலைன்னா நீங்க குடுக்குற ரேட்டுக்கு யாரும் தச்சுக் குடுக்க முடியாது. எங்கம்மா ஊருக்குத் திரும்பணும். அங்க பருத்தி எடுக்குறதத் தவிர என்ன இருக்கு? பொய் சொல்ல வச்சது எங்க மொதலாளியா, உங்க ரேட்டா? நீங்க மொதல்ல அதச் சொல்லுங்க."

இதற்கு யாரும் மேசையைத் தட்டவில்லை. வகுப்பு கலைந்ததும் பிரிசில்லா அவளைக் கூப்பிட்டார்.

"எதிர்ப்பக்கம் நின்னு இப்படிப் பேச எங்க கத்துக்கிட்ட, கண்ணு?"

"எங்கம்மாகிட்டத்தான் மிஸ். ஆடிட்டு வருதுன்னா வீட்டுல பேசிப் பாப்போம். நான்தான் ஆடிட்டர். அம்மா தப்பாச் சொன்னா திருத்தணும்." பிறகு எதார்த்தமாகக் கேட்டாள்: "நம்ம கிளாஸும் அதே மாதிரிதான மிஸ்? குடுத்த பக்கத்தைப் பேசணும், பிசிறு தட்டாம."

தனக்குப் பிடிக்காத பக்கத்தில் நின்று பேசிப் பார்த்தால் மனம் விரியும் என்று நம்பித்தான் பிரிசில்லா இதைச் செய்துவந்தார். அந்தப் பெண் இத்தனை நாளும் அதை ஆடிட்டுக்கு முந்தின நாள் ஒத்திகையாக எடுத்துக்கொண்டிருந்தாள். அவளைக் குறை சொல்ல முடியாது. இரண்டிலும் வாய் செய்கிற வேலை ஒன்றுதான். அன்று அவர் பஸ்ஸுக்கு நிற்காமல் இரண்டு நிறுத்தம் நடந்தே போனார்.

பிரதீப் கோள் சொல்லுகிறவன் இல்லை. சாப்பிடும்போது, "இன்னைக்கு என்னை நல்லா மடக்கிட்டாப்பா" என்று பெருமையாகத்தான் சொன்னான். சொன்னது முதல் பாதியை மட்டும். மறுபாதி மனதில் தங்கவில்லை, அல்லது சொல்லிச் சிரிக்க அதில் ஒன்றும் இல்லை. சிவராஜுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த வாரம் அவர் யூனிட்டுக்கு ஆடிட் இருந்தது. வரிக்குப் பிறகு மிஞ்சியிருந்த ஒரே ஆர்டரும் அதை நம்பித்தான் இருந்தது. மறுநாள் காலை கருத்தம்மா வேலைக்குப் போனபோது வாசலிலேயே சொல்லிவிட்டார்கள்: "கொஞ்ச நாளைக்கு ஊட்ல இரும்மா. கூப்புட்டுக்கறோம்."

அந்த வருடம் அதுவரை அப்படி அனுப்பப்பட்ட யாரையும் யாரும் திரும்பக் கூப்பிட்டதில்லை. கருத்தம்மாவுக்கு அது தெரியும்.

திங்கட்கிழமை சிவராஜே பள்ளிக்கூடம் வந்தார். தலைமை ஆசிரியர் ராஜவேல் பிரிசில்லாவை அறைக்கு அழைத்தார். ஏற்கெனவே வரச்சொல்லியிருந்த கருத்தம்மாவும் மதுமதியும் சுவரோரம் நின்றார்கள்.

"ஏனுங் டீச்சர், தப்பா நெனைச்சுக்காதீங்க" என்று தொடங்கினார் சிவராஜ். அவர் கத்தவில்லை, கத்தியிருந்தால் பிரிசில்லாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "என்ற பையன் உங்க கிளாஸ்னா உசுரா இருக்கறானுங்க. அதையக் கொறை சொல்ல வர்லீங்க. கம்பெனி உள்ளாற நடக்கறது இந்தப் புள்ளைக்கு எப்படிங்க தெரியும்? அம்மா ஊட்ல பேசித்தானுங்க? ஊட்ல பேசற வாய் நாளைக்கு ஆடிட்டர் முன்னாடி சும்மா இருக்குமுங்களா? அந்த ஒரு பயந்தானுங்க எனக்கு. யூனிட்ல இன்னும் முப்பது குடும்பம் இருக்குதுங்க."

"மகாயுத்தமெல்லாம் முடிஞ்சு நூறு வருசமாச்சுங்க டீச்சர்" என்றார் ராஜவேல். "நம்ம எதுக்குங்க புதுசா ஒண்ணு ஆரம்பிக்கோணும்? நீங்க முன்னாடி கம்பெனில இருந்தவங்க. உங்களுக்குத் தெரிஞ்சதை ஒரு பயிற்சிக்கு எழுதிக் குடுத்தீங்க, புள்ள படிச்சுப்போட்டா. அப்படித்தானுங்களே? ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. முடிஞ்சுது."

பிரிசில்லா மதுமதியைப் பார்த்தார். கருத்தம்மா மகளின் முழங்கையை மெல்ல இடித்தாள்.

"மிஸ் எழுதிக் குடுத்ததத்தான் சார் பேசுனேன்" என்றாள் மதுமதி. பிசிறில்லாமல் சொன்னாள். சிரித்த முகமாகச் சொன்னாள்.

"சின்னப்புள்ள சார் அது" என்றாள் கருத்தம்மா. "அதுக்கு என்னா தெரியும்? டீச்சரம்மா குடுத்தத வாங்கி ஒப்பிச்சிருச்சு. நான் வீட்டுல வாயே தொறக்க மாட்டேன்."

அறையில் உட்கார நாற்காலி இருந்தது. பிரிசில்லா நின்றுகொண்டிருந்தார். ஒரு மாணவருக்கும் ஒரு வரிகூட எழுதித் தந்ததில்லை என்பதுதான் அவர் தன்னைப் பற்றி வைத்திருந்த ஒரே பெருமை. அதை விட்டுத்தரச் சொல்லிக் கேட்கிறார்கள். கேட்பது முதலாளியாக மட்டும் இருந்தால் மறுத்திருக்கலாம். அந்தப் பெண்ணும் கேட்கிறாள்.

"ஆமாங்க" என்றார். "நான்தான் எழுதிக் குடுத்தேன். கம்பெனில இருந்தப்போ பாத்தது. இந்தம்மாவுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லீங்க."

"அப்படின்னா சரிங்க" என்று சிவராஜ் எழுந்துகொண்டார். உண்மையாகவே நிம்மதி அடைந்தவர் போலிருந்தார். "புள்ளை மேல தப்பு இல்லீங்க. நாளைக்கு வேலைக்கு வந்துரும்மா."

அவர் போனதும் ராஜவேல் குரலைத் தாழ்த்தினார். "இனி உலக விசயம் மட்டும் பேசுங்க டீச்சர். உள்ளூர் வேண்டாம்."

"எது உள்ளூர், எது உலகம்னு நீங்களே பிரிச்சுக் குடுத்துருங்க சார்" என்றார் பிரிசில்லா. ராஜவேல் சிரித்துவிட்டு மணியைப் பார்த்தார்.

கருத்தம்மா வேலைக்குத் திரும்பினாள். ஆடிட் நல்லபடி முடிந்தது. ஆர்டரும் தங்கியது. இதில் யாருக்கும் நஷ்டமில்லை என்றுதான் சில வாரங்கள் தோன்றியது.

நஷ்டம் வகுப்பில் தெரிந்தது. தலைமை ஆசிரியர் அறையில் நடந்தது ஒரு நாளுக்குள் பள்ளி முழுக்கப் பரவியது. "உன் டயலாக்கு மிஸ் எழுதினதாமே? நாங்க நிசமுன்னு நெனச்சு மேசையெல்லாம் தட்டுனோம்" என்று கேலி செய்தார்கள். மதுமதி முதலில் சிரித்துச் சமாளித்தாள். பிறகு சிரிப்பதை நிறுத்தினாள். சீட்டில் எந்தப் பக்கம் வந்தாலும் நான்கு வாக்கியம் பேசிவிட்டு உட்கார்ந்துவிடுவாள். மற்றவர்களோ, "எங்களுக்கும் எழுதிக் குடுங்க மிஸ், நாங்களும் அப்படிப் பேசறோம்" என்று கேட்கத் தொடங்கினார்கள். அவர் எழுதித் தரவில்லை. ஆனால், ஏன் தர மாட்டார் என்பதை இப்போது அவர்களிடம் எப்படிச் சொல்வது? அவளுக்கு மட்டும் தந்தவர் ஆயிற்றே. வெள்ளிக்கிழமைகளில் அவர் முன்பைவிட வேகமாக நடந்தார். சில நாள் பாதியில் வெளியேறி வராந்தாவில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவார். இடமாறுதல் கேட்கப் போகிறார் என்று பேச்சு வந்தது. கேட்கவில்லை.

தை முடிந்ததும் கருத்தம்மா சிவராஜின் யூனிட்டிலிருந்து தானாகவே விலகி, முதலிபாளையம் சிட்கோ தொழிற்பேட்டையில் வேறொரு கம்பெனியில் சேர்ந்தாள். கூலி கொஞ்சம் கூட. சண்டையில்லாமல், சொல்லிக்கொண்டு வந்தாள். இனி அந்த விஷயத்தில் அவளை யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

அந்த வாரமே மதுமதி ஆசிரியர் அறைக்கு வந்து நின்றாள்.

"இனிமே சொல்லிரலாம் மிஸ்."

"என்னத்தை?"

"அது என் பேச்சுன்னு. நான் யோசிச்சுப் பேசுனது மிஸ். எல்லாரும் உங்களதுன்னு நெனைக்கிறாய்ங்க. காலேஜ்ல சேந்து வரலாறுதான் படிக்கப் போறேன். அங்க வந்தும் இவய்ங்க அதையே சொல்லுவாய்ங்க."

"அன்னைக்கு நீதானே கேட்ட?"

"அன்னைக்கு அம்மாவுக்கு வேலை வேணும். இன்னைக்கு எனக்கு அது வேணும்."

நேர்மையான பதில்தான். பிரிசில்லா விடைத்தாள் கட்டைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டார்.

பொதுத் தேர்வுக்கு முந்தைய கடைசி வெள்ளிக்கிழமை. பலகையில் கேள்வி ஏதும் இல்லை. யார் என்ன வேண்டுமானாலும் கேட்கலாம் என்று விட்டிருந்தார். யாரோ அவர் மெர்ச்சன்டைசராக இருந்த நாட்களைப் பற்றிக் கேட்டார்கள், மேகமில்லாத மழையைச் சொன்னார், சிரித்தார்கள். அப்போது மதுமதி எழுந்தாள். அது என்ன கேள்வி என்று வகுப்புக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது.

"மிஸ், அன்னைக்கு நான் பேசுனது யாரு பேச்சு?"

பிரிசில்லா நடப்பதை நிறுத்தினார்.

"சொல்லுங்க மிஸ்" என்றான் பிரதீப், தலையைக் குனிந்தபடி. "எங்கப்பா ஒண்ணும் சொல்ல மாட்டாருங்க. நானே கேட்டுட்டேன். அந்தம்மா நல்லாருக்கட்டும்னுதான் சொன்னாருங்க. அன்னைக்கு ஊட்ல போய்ச் சொன்னது நான்தானுங்க."

பயப்பட யாரும் மிச்சமில்லை. காப்பாற்ற வேண்டிய வேலையும் இல்லை. ஒரு சொல் போதும். ஆனால் அன்று பிறர் கேட்டதற்காகச் சொன்னதை இன்று பிறர் கேட்டதற்காக மாற்றினால், இரண்டுமே அவருடைய பேச்சாக இருக்காது.

"நான் எழுதிக் குடுத்தது" என்றார் பிரிசில்லா.

மதுமதி உட்காரவில்லை. "பக்கம் மாத்துன பொறகு பேசுனது? எங்கம்மா ஊருக்குத் திரும்பணும்னு சொன்னது? அதுவுமா மிஸ்?"

அதை வேறு யாரும் எழுதியிருக்க முடியாது என்பது அந்த அறையில் இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். பிரிசில்லா அவள் முகத்தை விட்டுப் பார்வையை எடுக்காமல், நிதானமாக, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"அதுவும் நான்தான்."

பிறகு, அந்தப் பள்ளிக்கு வந்த நாளிலிருந்து முதல் முறையாக, நாற்காலியில் இருந்த பதிவேட்டையும் சாக்பீஸ் டப்பாவையும் எடுத்துக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார்.